செவ்வாயில் காத்திருக்கும் சாக்பீஸ்

ஒல்லியான டைட்டானியக் குழாய். ஒரு சாண் நீளம்கூடத் தேறாது; காலியாக இருந்தால் எடை 60 கிராமுக்குள். கலிஃபோர்னியாவின் பசடேனாவில், நாசாவின் ஆய்வகத்தில் முகமூடியும் கையுறையும் போட்டவர்கள் இதைக் கழுவி, சூடேற்றி, மறுபடி கழுவினார்கள். பூமியின் அழுக்கு ஒரு துளி ஒட்டிக்கொண்டு போனாலும், 'செவ்வாயில் உயிர்' என்று நம் தும்மலையே கண்டுபிடித்துவிட்டுக் கூத்தாடுவோம் இல்லையா!

2020 ஜூலை 30 அன்று, பெர்சிவியரன்ஸ் ஊர்தியின் வயிற்றில் 43 குழாய்கள் கிளம்பின. அடுத்த பிப்ரவரி 18-இல் செவ்வாயின் ஜெசிரோ பள்ளத்தில் இறங்கின. ஆகஸ்டில், பாறையைத் துளைத்துக் குழாயில் அடைக்கும் முதல் முயற்சி; பாறை பொடிப்பொடியாக உதிர்ந்ததில் அந்தக் குழாய்க்குக் காற்றுதான் மிச்சம்.

நம் குழாயின் முறை வந்தது 2024 ஜூலையில். ஒரு காலத்தில் ஆறு ஓடிய நெரெட்வா வாலிஸ் பள்ளத்தாக்கில், 'செயாவா ஃபால்ஸ்' என்று பெயர் வைத்த ஒரு சிவந்த பாறை. அதன்மேல் மில்லிமீட்டர் அளவில் வெளிர்ப் புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் கருவிளிம்பு: சிறுத்தையின் தோல் மாதிரி. விளிம்பில் இரும்பும் பாஸ்பேட்டும். பூமியில் சேற்றுக்குள் நுண்ணுயிர்கள் தின்று செரித்த இடங்களில் இப்படிப்பட்ட தாதுக்கள் படியும். உயிரே இல்லாமல் வெறும் வேதிவினையாலும் படியலாம். 2025 செப்டம்பரில் 'நேச்சர்' இதழில் வந்த கட்டுரை, 'உயிரின் தடயமாக இருக்கலாம்' என்பதைத் தாண்டி ஒரு அடி வைக்கவில்லை.

அதற்கு மேல் சொல்ல, அந்தப் பாறையைத் துளைத்து நம் குழாய்க்குள் அடைத்த சாக்பீஸ் அளவுள்ள கல் இங்கே வரவேண்டும். ஊர்தியில் ஏற்ற முடியாத கருவிகள் பூமியில்தான் இருக்கின்றன. 1972-இல் அப்போலோ 17 நிலவிலிருந்து கொண்டுவந்து மூடிவைத்த குழாயை 2022-இல்தான் திறந்தார்கள். நல்ல கருவிகள் வரட்டும் என்று அரை நூற்றாண்டு காத்திருந்தார்கள்.

செவ்வாய்க் குழாயைக் கொண்டுவர 800 முதல் 1,100 கோடி டாலர் ஆகும் என்று 2023-இல் ஒரு சுயேச்சைக் குழு கணக்குப் போட்டது. மறு ஆண்டே நாசா, செலவு தாங்காது, 2040 வரை இழுக்கும் என்றது. 2026 தொடக்கத்தில் அமெரிக்க நாடாளுமன்றமும் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. கிணறு வெட்டிவிட்டுக் கயிற்றுக்குக் கணக்குப் பார்க்கும் கதை. சீனா தன் தியான்வென்-3 விண்கலத்தை 2028-இல் அனுப்பப்போகிறது. ஆனால் அது எடுக்கப்போவது வேறு மண்.

பத்துக் குழாய்களை ஊர்தி முன்பே தரையில் இறக்கிவைத்துவிட்டது. சிறுத்தைப் புள்ளிக் கல் அவற்றில் இல்லை. அது ஊர்தியின் வயிற்றிலேயே, போகிற வழியெல்லாம் குலுங்கிக்கொண்டு இருக்கிறது.