பி.கே. என்று இரண்டு எழுத்து

1998இல் எங்கள் வீட்டுக்கு ஒரு பழைய 386 கம்ப்யூட்டர் வந்தது. விண்டோஸ் கிடையாது, கறுப்புத் திரையில் டாஸ் மட்டும். நண்பன் ஒருவன் மூன்று ஃப்ளாப்பிகளில் ஒரு கேம் கொண்டுவந்தான். மூன்றும் சேர்ந்து ஒரே ஸிப் ஃபைல். "பிகேஅன்ஸிப் இல்லாம இது திறக்காதுடா" என்று நாலாவதாக இன்னொரு ஃப்ளாப்பியை நீட்டினான்.

அதில் இருந்தது பிகேஸிப் 2.04ஜி. 1993இல் வெளிவந்த ஷேர்வேர். இன்றைக்கு மாதிரி 'இன்ஸ்டால்' பொத்தானெல்லாம் இல்லை. எம்டி என்று அடித்து ஹார்ட் டிஸ்க்கில் ஒரு டைரக்டரி உண்டாக்கினேன். ஃப்ளாப்பியில் இருந்த ஒற்றை ஃபைலை அதற்குள் காப்பி செய்து ஓட்டினேன். அது தன்னைத்தானே பிரித்துக்கொண்டு பல ஃபைல்களாக விரிந்தது.

எந்த டைரக்டரியில் இருந்து கூப்பிட்டாலும் அது வர வேண்டுமென்றால், ஆட்டோஎக்ஸெக்.பேட் ஃபைலில் 'பாத்' என்ற வரியின் கடைசியில் அதன் இடத்தைச் சேர்க்க வேண்டும். நான் சேர்க்கவில்லை. இருந்ததை அழித்துவிட்டு எழுதினேன். ரீபூட் செய்தபின் டிஐஆர் மாதிரி சில கட்டளைகள் தவிர எதை அடித்தாலும் 'பேட் கமாண்ட் ஆர் ஃபைல் நேம்'. தப்பைத் திருத்த எடிட் வேண்டும். எடிட் இருப்பது டாஸ் டைரக்டரியில். அதற்கான வழியைத்தான் நான் அழித்திருந்தேன். சிடி அடித்து அந்த டைரக்டரிக்குள்ளேயே போய் நின்று எடிட்டைக் கூப்பிடலாம் என்று புரிய ஒரு ராத்திரி ஆச்சு.

விரிந்த ஃபைல்களில் ஒன்று ஆர்டர் படிவம். பிடித்திருந்தால் நிரப்பிப் பணம் அனுப்பச் சொன்னது. முகவரி அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில். எனக்குச் சிரிப்பு வந்தது. கையில் இருப்பதற்கு யார் காசு கொடுப்பார்கள்?

கொடுத்தார்கள். 1982இல் ஆண்ட்ரூ ஃப்ளூகல்மன் தன் பிசி-டாக் புரோகிராமைத் தாராளமாகக் காப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி, பிடித்தவர்களிடம் 25 டாலர் கேட்டார். அதே காலத்தில் ஜிம் நாஃப் தன் டேட்டாபேஸ் புரோகிராமுக்கு 10 டாலர் கேட்டார். ஒருவரை ஒருவர் அறியாமலே ஆரம்பித்தார்கள். அடுத்த வருஷம் பாப் வாலஸ் தன் பிசி-ரைட்டை ஷேர்வேர் என்று சொல்லி வெளியிட்டார். அந்தப் பெயரே நிலைத்தது. மற்ற கம்பெனிகள் காப்பியைத் திருட்டு என்றன. இவர்களுக்கு அதுதான் விநியோகம்.

பிகேஸிப்பை எழுதிய பிலிப் காட்ஸ் மில்வாக்கிக்காரர். முதலில் அவர் எழுதியது, வேறொரு கம்பெனியின் 'ஆர்க்' ஃபைல்களை இன்னும் வேகமாகச் சுருக்கும் புரோகிராம். எங்கள் கோடை எடுத்துவிட்டார் என்று அந்தக் கம்பெனி 1988இல் வழக்குப் போட்டது. காட்ஸ் பணம் கொடுத்துச் சமரசமானார். பிறகு 1989இல் ஸிப் என்ற புது வடிவத்தைக் கொண்டுவந்தார். அது எப்படி அமைந்திருக்கிறது என்ற முழு விவரத்தையும் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று வெளியிட்டும் விட்டார். சொந்த வடிவத்துக்குப் பூட்டுப் போட அவருக்குக் காரணம் இருந்தது. போடவில்லை.

2000 ஏப்ரலில் மில்வாக்கியில் ஒரு ஹோட்டல் அறையில் இறந்துகிடந்தார். குடிதான் கொன்றது. வயது 37.

ஸிப் ஃபைல் எதையும் நோட்பேடில் திறந்து பாருங்கள். குப்பைக் குறிகளுக்கு முன்னால், முதல் இரண்டு எழுத்து பி.கே. அவருடைய இனிஷியல். நீங்கள் நேற்று வாசித்த ஈபப் புத்தகம், ஆபீசுக்கு அனுப்பிய டாக்எக்ஸ், போனில் இறக்கிய ஏபிகே எல்லாமே உள்ளுக்குள் ஸிப்தான். பெயர் தெரியாத கோடிப் பேரின் பையில் அந்த இரண்டு எழுத்து இருக்கிறது.

அந்த ஃப்ளாப்பியை நான் நாலு பேருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். ஷேர்வேர் கணக்கில் அது தப்பே இல்லை. நம்மிடம் கேட்டதில் பாதி அதுதான். மிச்சப் பாதி அந்தப் படிவம். அதை நான் ஒருநாளும் நிரப்பவில்லை.