பியானோ எண்வகை

பியானோ எண்வகை என்பது, இயல் எண்களைத் தன்னைக் கொண்டே தன்னை வரையறுக்கும் தரவு வகையாக நிரல்மொழிகளில் அமைக்கும் முறை. விதிகள் இரண்டே: சுழியம் ஓர் எண், ஓர் எண் கையில் இருந்தால் அதற்கு ‘அடுத்தது’ம் ஓர் எண். ஆக 3 என்பது ‘அடுத்தது (அடுத்தது (அடுத்தது சுழியம்))’. சுவரில் கோடு கிழித்து வைக்கும் பால்கணக்கு போலத்தான்.

இத்தாலியக் கணிதவியலாளர் ஜுசெப்பே பியானோ 1889இல் வெளியிட்ட அடிக்கோள்களே இதன் மூலம். அதற்கு முந்தைய ஆண்டே ஜெர்மானியர் ரிச்சர்ட் டெடிகிண்ட் ஏறக்குறைய இதையே எழுதிவிட்டார்; பெயர் மட்டும் பியானோவுக்குப் போனது. பியானோவின் அந்நூலில் எண்கள் 1இல் தொடங்கின.

கூட்டலுக்கும் இரண்டே வரிகள் போதும். சுழியத்தோடு ‘ம’வைக் கூட்டினால் ‘ம’. ‘ந’வுக்கு அடுத்ததோடு ‘ம’வைக் கூட்டினால், ‘ந + ம’வுக்கு அடுத்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. 0 + ம = ம என்பது வரையறையிலேயே கிடைத்துவிடுகிறது. ம + 0 = ம என்பதற்கோ கணிதத் தொகுத்தறிதல் வேண்டும். காக், ஆக்டா, லீன் போன்ற நிறுவல் மொழிகளைக் கற்க வருபவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இதுதான்; லீனில் மட்டும் இவ்விரண்டும் இடம் மாறியிருக்கும். ஆனால் அந்தத் தொகுத்தறிதல் விதி தரவு வகையின் வடிவத்திலிருந்தே பிறக்கிறது. இம்முறையை அந்த மொழிகள் விடாமல் வைத்திருப்பதற்குக் காரணமும் அதுவே.

விலை அதிகம். ஹாஸ்கெல் மொழியின் ஜிஹெச்சி தொகுப்பியில், 64 பிட் கணினியில் ஒவ்வொரு ‘அடுத்தது’ம் 16 பைட் பிடிக்கும், பத்து லட்சம் என்ற எண்ணுக்கு 1.6 கோடி பைட். இயந்திரத்தின் சாதாரண எண்ணுக்கு 8 பைட் போதும். எனவே லீனும் ஆக்டாவும் நிறுவலில் இந்த அடுக்கைக் காட்டிவிட்டு, நிரல் ஓடும்போது சத்தமில்லாமல் பெரிய இரும எண்களுக்கு மாறிக்கொள்கின்றன.

காக் நூலகம் வேறொரு வழியும் தருகிறது: ‘ஒன்று’, ‘இருமடங்கு’, ‘இருமடங்கும் ஒன்றும்’ என மூன்று கட்டுமானங்கள். 6 என்பது ‘இருமடங்கு (இருமடங்கும் ஒன்றும் (ஒன்று))’. இதுவும் தன்னைச் சுட்டும் வகைதான். பத்து லட்சத்துக்கு 20 அடுக்கு போதும்.

முழுக்களுக்கு வந்தால் குறி சேர்க்க வேண்டும். வெறுமனே சேர்த்தால் +0, −0 என இரண்டு சுழியங்கள் முளைக்கும். லீன் எதிர்மப் பக்கத்தை −1இலிருந்தே தொடங்கி இதைத் தவிர்க்கிறது.

தேவைப்படும்போது மட்டும் கணிக்கும் ஹாஸ்கெலில் இவ்வகைக்குள் ஒரு விருந்தாளியும் நுழைகிறார்: தனக்கு அடுத்தது தானேயான முடிவிலி. அதை 3உடன் ஒப்பிட்டால் நான்கு அடுக்குக்குள் விடை வந்துவிடும். காக்கோ அந்த வரையறையையே ஏற்காது.