பழைய கார் வாங்கி, ரெடி பண்ணி விற்கப் போறீங்களா? இன்ஜினுக்கு முன்னாடி ஆர்.சி-யைப் பாருங்க!

ஊர் வீட்டு ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் தாத்தாவின் அம்பாசிடர் நின்றுகொண்டிருக்கும். இல்லையென்றால், பக்கத்துத் தெருவில் யாரோ 'மாருதி 800 விற்பனைக்கு' என்று எழுதிக் கண்ணாடியில் ஒட்டியிருப்பார்கள். அதைப் பார்த்ததும் சிலருக்குக் கை துறுதுறுன்னு இருக்கும். "இதை வாங்கி, நாமளே வேலை பார்த்து, கொஞ்ச நாள் ஓட்டிட்டு, நல்ல விலைக்கு வித்தா என்ன?" என்று தோன்றும்.

தோன்றுவதில் தப்பே இல்லை. பழைய காரைத் தூசு தட்டி ஓட வைப்பது அருமையான பொழுதுபோக்கு. ஆனால் இதில் கையைச் சுட்டுக்கொள்கிறவர்களில் நிறைய பேர் இன்ஜினால் சுட்டுக்கொள்வதில்லை, பேப்பரால்தான். வாங்கும்போது ஒன்று, விற்கும்போது ஒன்று என இரண்டு இடங்களில் கோட்டை விடுகிறார்கள். என்னென்ன பார்க்க வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எந்தக் காரில் ஆரம்பிக்கலாம்?

முதல் முறை என்றால் உதிரி பாகம் கிடைக்கும் காராகப் பாருங்கள். 1983 டிசம்பரில் வந்து 2014 வரை தயாரான மாருதி 800 இதற்கு நல்ல பாடப்புத்தகம். 796 சிசி, மூன்று சிலிண்டர், எளிமையான அமைப்பு. கை வைக்கத் தெரிந்த மெக்கானிக் எல்லா ஊரிலும் இருக்கிறார்.

அடுத்தது அம்பாசிடர். 1950-களின் கடைசியில் தொடங்கி 2014 வரை தயாரானது. தகடு கனம், பானெட்டுக்குள் கைவிட்டு வேலை பார்க்க இடம் தாராளம். பிரீமியர் பத்மினி, கான்டெஸா போன்றவற்றுக்கு ரசிகர்கள் அதிகம், ஆனால் சில பாகங்களுக்கு அலைய வேண்டியிருக்கும். சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு வேண்டுமென்றால் பொறுமையும் வேண்டும். ஒரு கதவுக் கைப்பிடிக்காகப் புதுப்பேட்டைக் கடைகளில் நாள் முழுக்கத் தேடுவதும் இந்தப் பொழுதுபோக்கின் ஒரு பகுதிதான்!

15 வருஷம் ஆனா காயலாங்கடைதானா?

இல்லை. இது பலருக்கும் இருக்கும் குழப்பம். 10 ஆண்டு டீசல், 15 ஆண்டு பெட்ரோல் வண்டிகளுக்கான தடை உத்தரவு டெல்லி தலைநகர் மண்டலத்துக்கானது. அங்கேயும் 2025-ல் உச்ச நீதிமன்றம் தளர்வு கொடுத்தது. அந்த உத்தரவு தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது.

இங்கே நடைமுறை இதுதான். சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பிறகு வண்டியை ஆர்டிஓ அலுவலகத்தில் காட்டி, தகுதியாக இருந்தால் 5 ஆண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பிக்கலாம். பசுமை வரியும் கட்ட வேண்டும்.

கட்டணம்தான் கூடிக்கொண்டே போகிறது. 2022 ஏப்ரல் முதல் 15 ஆண்டு கடந்த காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய் ஆனது. 2025 ஆகஸ்டில் வந்த திருத்தப்படி, 20 ஆண்டு தாண்டிய காருக்கு 10,000 ரூபாய். காலம் கடந்து புதுப்பித்தால் மாதத்துக்கு 500 ரூபாய் வீதம் கூடுதல் கட்டணம் சேரும். ஆர்.சி. காலாவதியாகி நாலைந்து வருடம் ஷெட்டில் தூங்கிய காரை "ரொம்ப சல்லிசா கிடைக்குது" என்று வாங்கினால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கட்டணங்கள் அவ்வப்போது மாறும் என்பதால் பரிவாகன் தளத்தில் ஒரு முறை சரிபார்த்துவிடுங்கள்.

முதல் வேலை: பேப்பர்

பானெட்டைத் திறக்கும் முன் இவற்றைப் பாருங்கள்:

• ஆர்.சி-யில் இருக்கும் பெயரும் விற்பவர் பெயரும் ஒன்றா? "என் ஃப்ரெண்டுதாங்க, கையெழுத்து வாங்கித் தர்றேன்" என்றால் உஷார்!

• சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் ஆர்.சி-யோடு பொருந்துகிறதா? துருவில் மறைந்திருந்தால் துணியால் துடைத்துப் படியுங்கள். இன்ஜின் மாற்றியிருந்தால் அது ஆர்.சி-யில் பதிவாகியிருக்க வேண்டும்.

• எப்போதோ வாங்கிய வங்கிக் கடன் ஆர்.சி-யில் இன்னும் நிற்கிறதா? கடன் அடைந்திருந்தாலும் படிவம் 35 கொடுத்து நீக்கினால்தான் விடுதலை.

• இ-சலான் பாக்கி, வழக்கு ஏதாவது இருக்கிறதா?

• வேறு மாநில வண்டி என்றால், படிவம் 28 மூலம் வாங்கும் தடையில்லாச் சான்று இருக்கிறதா?

உரிமையாளர் இறந்துவிட்டால், வாரிசு முதலில் படிவம் 31 மூலம் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். தாத்தா பெயரில் இருக்கும் காரைப் பேரன் நேரடியாக உங்களுக்கு விற்க முடியாது. வாரிசு நான்கு பேர் என்றால் நான்கு பேரின் சம்மதமும் தேவைப்படும். இதைக் கேட்காமல் முன்பணம் கொடுத்துவிட்டால், கார் உங்கள் வாசலிலும் பெயர் தாத்தாவிடமும் நிற்கும்.

இரண்டாவது வேலை: துரு

இன்ஜின் போனால் மாற்றலாம். பாடி போனால் கதை முடிஞ்சது. அதனால் பளபளக்கும் பெயின்ட்டைப் பார்த்து மயங்க வேண்டாம்.

சின்னக் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். கதவின் கீழ்ப்பகுதி, சக்கர வளைவு, கதவுக்குக் கீழே ஓடும் பட்டை ஆகிய இடங்களில் வைத்துப் பாருங்கள். தகடு என்றால் ஒட்டும். ஓட்டையைப் பட்டி போட்டு மூடியிருந்தால் ஒட்டாது. பிறகு உள்ளே கால்மிதியையும் அடியில் இருக்கும் விரிப்பையும் தூக்கித் தளத்தைப் பாருங்கள். டிக்கியில் ஸ்டெப்னி டயரை எடுத்துவிட்டு அடியில் பாருங்கள். கடலோர ஊர்களில் ஓடிய கார் என்றால் இன்னும் கவனம் தேவை.

மூன்றாவதுதான் இன்ஜின்

நீங்கள் போகும்போது இன்ஜின் சூடாக இருந்தால், முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆறவிட்டு நீங்களே ஸ்டார்ட் செய்து பாருங்கள். புகையின் நிறமே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும்.

• நீலப் புகை: ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல் தேய்ந்திருக்கலாம்.

• நிற்காமல் வரும் அடர்ந்த வெள்ளைப் புகை: கூலன்ட் உள்ளே கசியலாம். ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள். குளிர்ந்த காலையில் வந்து மறையும் லேசான ஆவி சாதாரணம்தான்.

• கருப்புப் புகை: பெட்ரோல் அதிகம் போகிறது. கார்புரேட்டர் ட்யூனிங்கில் சரியாக வாய்ப்பு உண்டு.

ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே பால் காபி மாதிரி படிந்திருந்தால் ஆயிலில் ஈரம் கலந்திருக்கிறது. கூலன்ட் கசிவாகவும் இருக்கலாம் என்பதால், மெக்கானிக் பார்க்காமல் விலை பேச வேண்டாம்.

எந்த வரிசையில் வேலை பார்ப்பது?

பலரும் முதலில் பெயின்ட் அடித்துவிடுகிறார்கள். அது தப்பான வரிசை. முதலில் நிற்க வேண்டும், அப்புறம் ஓட வேண்டும், கடைசியில்தான் அழகு.

பிரேக், டயர், ஸ்டீயரிங் மூன்றும் முதலில். டயரில் இருக்கும் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. பட்டன் தேயாமல் இருந்தாலும் ரப்பருக்கு வயசு ஆகும். அடுத்து பெட்ரோல் குழாய்கள், வயரிங். எலி கடித்த வயர் தீப்பிடிக்கக் காரணமாகலாம். பிறகு இன்ஜின், கிளட்ச். டிங்கரிங், பெயின்ட் எல்லாம் அதற்குப் பிறகு.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. வெறும் ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகாதீர்கள். ஸ்டாண்டு வைத்து, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பிறகே உள்ளே போக வேண்டும். மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிடவும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளையே கொன்றுவிடும்.

இஷ்டத்துக்கு மாத்தலாமா?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. இன்ஜின் மாற்ற ஆர்டிஓ அனுமதி வேண்டும். நிறம் மாற்றினால் ஆர்.சி-யிலும் மாற வேண்டும். கூரையை வெட்டித் திறந்த கார் ஆக்குவது போன்ற ஆசைகளுக்கு இடமில்லை. சட்டத்தை விடுங்கள், விற்கும்போதும் ஒரிஜினலாக இருக்கும் காருக்குத்தான் மவுசு.

ரெடி பண்ணியாச்சு, எப்படிப் பராமரிப்பது?

பழைய காருக்கு ஓட்டத்தைவிட ஓய்வுதான் எதிரி. வாரம் ஒரு முறை வெறுமனே ஸ்டார்ட் செய்து அணைத்தால் போதாது. இன்ஜின் நன்றாகச் சூடாகும்படி 20 நிமிடமாவது சாலையில் ஓட்டுங்கள். நீண்ட நாள் நிறுத்துவதாக இருந்தால் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிவிடலாம். ஹேண்ட் பிரேக் இழுத்தே வைத்தால் ஒட்டிக்கொள்ளும், அதனால் கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

இப்போது புதிதாக ஒரு கவலையும் சேர்ந்திருக்கிறது. பங்குகளில் கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய கார்களின் ரப்பர் குழாய், சீல் எல்லாம் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். ஓடாமல் நிற்கும் காரில் டேங்க் உள்ளே துருப்பிடிக்கவும், கார்புரேட்டர் அடைக்கவும் இது வழி செய்யும். எத்தனாலைத் தாங்கும் குழாய்களை மாற்றிவிடுவதும், குழாய்ப் பக்கம் பெட்ரோல் வாசனை வருகிறதா என்று அடிக்கடி பார்ப்பதும் நல்லது.

50 வயசு ஆச்சா? அப்போ அது விண்டேஜ்!

முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, பெரிய மாற்றம் இல்லாமல் பராமரிக்கப்படும் கார்களுக்கு 2021-ல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். புதுப்பிக்க 5,000 ரூபாய். புதிதாகப் பதிவானால் நம்பர் பிளேட்டில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும். ஏற்கெனவே பதிவான கார் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் இந்தப் பதிவில் தினமும் ஆபீஸ் போக முடியாது. கண்காட்சி, பேரணி, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். இப்படிப்பட்ட கார்களைக் கிட்டத்தில் பார்க்க ஆசை என்றால் கோவை அவிநாசி சாலையில் இருக்கும் ஜிடி கார் அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள்.

லாபம் வருமா? ஒரு கணக்கு

உதாரணத்துக்கு, 20 வயது தாண்டிய சின்னக் கார் ஒன்றை 60,000 ரூபாய்க்கு வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். டிங்கரிங், பெயின்ட் 40,000. நாலு டயர் 12,000. பேட்டரி 4,000. பிரேக், கிளட்ச், சஸ்பென்ஷன் 15,000. ஆர்.சி. புதுப்பிப்பு, பசுமை வரி, இன்ஷூரன்ஸ் 15,000. மொத்தம் 1,46,000 ரூபாய். அதை 1,30,000-க்கு ஒருவர் கேட்டால் 16,000 ரூபாய் நஷ்டம். நீங்கள் உழைத்த ஞாயிற்றுக்கிழமைகள் இந்தக் கணக்கிலேயே இல்லை!

அதனால் இதைப் பிழைப்பாக நினைக்காமல், செலவைக் கொஞ்சம் திருப்பித் தரும் பொழுதுபோக்காக நினைத்தால் ஏமாற்றம் இருக்காது. செலவைக் குறைக்க ஒரே வழி, பாடி நல்லா இருக்கும் காரை வாங்குவது. விலையைக் கூட்ட நல்ல வழி, ஒவ்வொரு பில்லையும், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களையும் ஒரு ஃபைலில் வைத்திருப்பது.

இன்னொன்று. சொந்தக் காரைத் தனிநபர் எப்போதாவது விற்றால் ஜிஎஸ்டி கிடையாது. ஆனால் வாங்கி விற்பதே தொழிலாகிவிட்டால் வருமான வரி, ஜிஎஸ்டி எல்லாம் எட்டிப் பார்க்கும். 2023 ஏப்ரல் முதல் பழைய வாகன டீலர்கள் ஆர்டிஓ-விடம் அங்கீகாரம் பெற வேண்டும் என்ற விதியும் இருக்கிறது.

விற்றாச்சு... ஆனா கார் இன்னும் உங்க பேர்லதான் இருக்கு!

இதுதான் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான இடம். காசு கைக்கு வந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டு, "பேர் மாத்திக்கோங்க" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். வாங்கியவர் மாற்றவே இல்லை. அவர் இன்னொருவருக்கு விற்கிறார், அவர் மற்றொருவருக்கு. ஒரு நாள் அந்தக் கார் யார் மீதோ மோதிவிடுகிறது.

இப்படிக் கைமாறிக்கொண்டே போன ஒரு காரின் விபத்து வழக்கில், 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆர்.சி-யில் யார் பெயர் இருக்கிறதோ, சட்டத்தின் பார்வையில் அவர்தான் உரிமையாளர். இழப்பீடு கொடுக்கும் பொறுப்பும் அவருக்கே. "நான் எப்பவோ வித்துட்டேன்" என்பது அங்கே செல்லவில்லை. இன்ஷூரன்ஸும் இல்லாத கார் என்றால் லட்சக்கணக்கில் உங்கள் சொத்திலிருந்து போகும்.

என்ன செய்ய வேண்டும்?

• படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் தேதி, வாங்குபவர் பெயர், முகவரி நிரப்பிக் கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வேண்டவே வேண்டாம்.

• ஒரே மாநிலத்துக்குள் என்றால் 14 நாட்களுக்குள் விற்றவர் ஆர்டிஓ-வுக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவருக்கு 30 நாள் அவகாசம்.

• வாங்கியவரின் அடையாளச் சான்று நகல், கார் கைமாறிய தேதி, நேரம் எழுதிய ரசீது இரண்டையும் பத்திரப்படுத்துங்கள்.

• இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் தகவல் கொடுங்கள்.

• ஆர்.சி. பெயர் மாறிவிட்டதா என்று பரிவாகன் தளத்தில் நீங்களே பார்க்கும் வரை விற்பனை முடியவில்லை என்றே நினையுங்கள்.

• சரிசெய்யவே முடியாத கார் என்றால், அரசு அங்கீகாரம் பெற்ற ஸ்கிராப் மையத்தில் கொடுத்துச் சான்றிதழ் வாங்கி ஆர்.சி-யை ரத்து செய்யுங்கள். எடைக்குப் போட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள்.

எப்போதோ விற்ற பழைய கார் ஏதாவது உங்கள் ஞாபகத்துக்கு வருகிறதா? அந்த நம்பரை இன்றைக்கே பரிவாகனில் போட்டுப் பாருங்கள். பெயர் மாறியிருந்தால் நிம்மதி. மாறாமல் இருந்தால், புதிதாக இன்னொரு பழைய காரைத் தேடும் முன் ஆர்டிஓ அலுவலகத்துக்கு ஒரு நடை போய்விட்டு வந்துவிடுங்கள்.