இலவசப் பால்மாவை வைத்து என்ன செய்தார்கள்?

2022இல் பால்மாவுக்கு வரிசையில் நின்ற தலைமுறை நாங்கள். அதனாலதான் இந்தியாவின் வெண்மைப் புரட்சியைத் தேடி வாசித்தோம்.

1970இலிருந்து ஐரோப்பிய நாடுகள் இந்தியாவுக்குப் பால்மாவையும் பட்டர் ஒயிலையும் இலவசமாகக் கொடுத்தன. அதைச் சும்மா பங்கிட்டிருந்தால் உள்ளூர்ப் பாலின் விலை விழுந்திருக்கும். ரெண்டு மாடு வைத்திருந்த குடும்பங்கள் நொந்திருக்கும். வர்கீஸ் குரியன் தலைமையிலான தேசிய பால்வள வாரியம் அதைப் பாலாக்கி நகரங்களில் விற்று, வந்த காசில் கிராமக் கூட்டுறவுச் சங்கங்களைக் கட்டியது. 1946இல் குஜராத்தின் கேடா விவசாயிகள் தொடங்கிய சங்கம், இன்றைய அமுல், முன்மாதிரியானது. 1996இல் திட்டம் முடிந்த பிறகும் சங்கங்கள் இயங்குகின்றன.

ஆனாலும் மாட்டைப் பராமரித்தது பெண்கள். சங்க உறுப்புரிமை பெரும்பாலும் ஆண்களின் பெயரில். உதவியை மதிப்பிடுகிற நாங்கள் எத்தனை லீற்றர் என்று மட்டும் கேட்டால் போதாது. காசு யார் கைக்குப் போனது என்றும் கேட்கவேணும்.