தெரியாத விஷயத்துக்கும் அட்வைஸ் பண்றவங்களா? அவங்களுக்குன்னே ஒரு வார்த்தை இருக்கு... 'அல்ட்ராக்ரெபிடேரியன்'!

அம்மாவுக்கு ரெண்டு நாளா காய்ச்சல் என்று ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறீர்கள். அடுத்த நிமிஷமே அட்வைஸ் மழை. "மாத்திரையே வேணாம், கஷாயம் போதும்" என்கிறார் பெரியப்பா. அவர் ரிட்டயர்டு பேங்க் மேனேஜர். "போன தடவை மிச்சம் இருந்த ஆன்டிபயாட்டிக்கைக் கொடு" என்கிறார் மாமா. அவருக்கு ஹார்டுவேர் கடை. நடுவில், நர்ஸிங் படிக்கிற சித்தி பொண்ணு "மிச்ச மாத்திரையெல்லாம் கொடுக்காதீங்க, டாக்டரைப் பாருங்க" என்று ஒரு மெசேஜ் போடுகிறாள். உடனே பதில் வருகிறது: "பெரியவங்க பேசுறப்போ என்ன அதிகப்பிரசங்கித்தனம்?"

இந்த குரூப்பில் பெரியப்பாவுக்கும் மாமாவுக்கும் பொருந்துற ஒரு வார்த்தை இங்கிலீஷில் இருக்கு. மொத்தம் 16 எழுத்து. 'அல்ட்ராக்ரெபிடேரியன்'. தனக்குத் தெரிந்த எல்லையைத் தாண்டிப் போய், தெரியாத விஷயத்தில் கருத்தும் தீர்ப்பும் சொல்பவர் என்று அர்த்தம்.

எப்படி உச்சரிக்கணும்?

அல்ட்ரா - க்ரெ - பி - டே - ரி - யன். அழுத்தம் 'டே'வில் விழணும். ரெண்டு தடவை சத்தமா சொல்லிப் பாருங்க, வந்துடும்.

செருப்பில் பிறந்த சொல்

லத்தீனில் 'அல்ட்ரா' என்றால் தாண்டி. 'க்ரெபிடா' என்றால் செருப்பு. செருப்புக்கும் அட்வைஸுக்கும் என்ன சம்பந்தம்? அதற்கு கி.மு. 4-ம் நூற்றாண்டு கிரேக்கத்துக்குப் போகணும்.

அப்பெல்லீஸ் அந்தக் காலத்தின் சூப்பர் ஸ்டார் ஓவியர். வரைந்த படத்தை மக்கள் பார்வைக்கு வைத்துவிட்டு, பின்னால் ஒளிந்துகொண்டு என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்பாராம். ஒருநாள் செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவர், "இந்தச் செருப்புல வார் ஒண்ணு குறையுதே" என்றார். அப்பெல்லீஸ் மறுபேச்சில்லாமல் திருத்திவிட்டார். மறுநாள் அதைப் பார்த்த தொழிலாளிக்கு உற்சாகம் தாங்கவில்லை. காலையும் குறை சொல்ல ஆரம்பித்தார். வெளியே வந்த ஓவியர், "செருப்புக்கு மேலே போகாதே" என்றாராம். கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி பதிவுசெய்த கதை இது.

இதே பிளினி சொல்லும் இன்னொரு கதையைப் பலரும் கவனிப்பதில்லை. மாவீரன் அலெக்ஸாண்டர் அடிக்கடி அப்பெல்லீஸின் ஓவியக்கூடத்துக்கு வந்து, ஓவியம் பற்றி ஒன்றும் தெரியாமலே நிறைய பேசுவாராம். "பேச வேண்டாம். வண்ணம் அரைக்கிற பசங்க உங்களைப் பார்த்துச் சிரிக்கிறாங்க" என்று ஓவியர் பக்குவமாகச் சொன்னாராம். எல்லை தாண்டியது மன்னரும்தான். ஆனால், வார்த்தை ஒட்டிக்கொண்டது தொழிலாளியின் மேல்!

இங்கிலாந்திலும் அதே கதை

இங்கிலீஷில் இந்தச் சொல்லைப் பிரபலமாக்கியவர் எழுத்தாளர் வில்லியம் ஹாஸ்லிட். 'குவார்ட்டர்லி ரிவ்யூ' பத்திரிகையின் ஆசிரியர் வில்லியம் கிஃபோர்டைத் தாக்கி 1819-ல் அவர் எழுதிய கடிதத்தில் இந்த வார்த்தை வருகிறது. கிஃபோர்ட் சிறு வயதில் பெற்றோரை இழந்து, செருப்புத் தைப்பவரிடம் தொழில் பழக அனுப்பப்பட்டவர். அதனால் இந்த வார்த்தை அவருடைய விமர்சனத்தை மட்டுமல்ல, அவர் கடந்துவந்த தொழிலையும் குத்தியது.

'எல்லாம் தெரிஞ்சவர்' வேற, இவர் வேற!

இங்கிலீஷில் 'நோ-இட்-ஆல்' என்று ஒன்று உண்டு. எதைக் கேட்டாலும் தனக்குத் தெரியும் என்பவர். அல்ட்ராக்ரெபிடேரியன் அப்படி இருக்கணும்னு இல்லை. தன் துறையில் அவர் நிஜமாகவே கில்லியாக இருக்கலாம்.

உதாரணம், லைனஸ் பாலிங். 1954-ல் வேதியியலுக்கும், 1962-ல் அமைதிக்கும் நோபல் வாங்கிய மேதை. அவர் 1970-ல், அதிக அளவு வைட்டமின் சி எடுத்தால் சளி பிடிக்காது என்று புத்தகம் எழுதினார். மாத்திரை விற்பனை எகிறியது. ஆனால், பொதுவாக மக்களுக்குச் சளி வராமல் அது தடுப்பதில்லை என்றுதான் பிறகு வந்த ஆய்வுகள் காட்டின. சொன்னவர் பெரிய ஆள் என்பதாலேயே பலரும் நம்பினார்கள்.

எங்கே, எப்படிப் பயன்படுத்தலாம்?

* ஆளைக் குறிக்க: "ஹி இஸ் ஆன் அல்ட்ராக்ரெபிடேரியன்."
* அட்வைஸைக் குறிக்க: "ப்ளீஸ் இக்னோர் திஸ் அல்ட்ராக்ரெபிடேரியன் அட்வைஸ்."
* நண்பர்களோடு கலாய்க்க, கட்டுரை எழுத, சோஷியல் மீடியாவில் கேப்ஷன் போட சூப்பர். ஆபீஸ் மெயிலிலும் இன்டர்வியூவிலும் வேண்டாம். எதிரில் இருப்பவருக்குப் புரியாது. புரிந்தால் கோபம் வரும். அங்கே "திஸ் இஸ் அவுட்சைட் மை எக்ஸ்பர்டைஸ்" போதும்.

தமிழில் 'அதிகப்பிரசங்கி' கிட்டத்தட்டப் பக்கத்தில் வரும். ஆனால், அதை நாம் யாரிடம் சொல்கிறோம்? பெரும்பாலும் வயசில் சின்னவர்களிடம். விஷயம் தெரியுமா, தெரியாதா என்று பார்ப்பதே இல்லை.

யாரைப் பார்த்துச் சொல்லப்போறீங்க?

இந்த வார்த்தையை அடுத்தவர் மேல் வீசுவதற்கு முன் கதையை ஒருமுறை நினைச்சுப் பாருங்க. செருப்பைப் பற்றித் தொழிலாளி சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அவ்வளவு பெரிய ஓவியரே கேட்டுத் திருத்தினார். பேசுபவரின் வயசு, வேலை, படிப்பைப் பார்த்து வாயை அடைக்க இந்த வார்த்தை இல்லை. இந்த விஷயம் அவருக்குத் தெரியுமா என்பது மட்டும்தான் கேள்வி.

அதே கேள்வியை நமக்கும் போட்டுக்கலாம். ஹெல்த் டிப்ஸ், ஷேர் மார்க்கெட் டிப்ஸ் எதுவாக இருந்தாலும் ஃபார்வர்டு பட்டனைத் தட்டுவதற்கு முன், 'இது எனக்கு நிஜமாவே தெரியுமா, எங்கேயோ படிச்சதா?' என்று கேட்டுக்கங்க. தெரியாதுன்னா, "தெரியலை, தெரிஞ்சவங்ககிட்ட கேளுங்க" என்று டைப் பண்ண அஞ்சு செகண்டுகூட ஆகாது.

அந்த ஃபேமிலி குரூப்பில் செருப்பைப் பற்றிச் சரியாகச் சொன்ன ஆள், சித்தி பொண்ணுதான். அவ பேச்சைக் கேட்டு அம்மாவை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க!