சுமார் என்ற சொல்

பிராக் நகரிலிருந்து கிழக்கே புகையிரதத்தில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலப் பயணத்தில் இருக்கிறது குத்னா ஹோரா. மத்திய காலத்தில் வெள்ளிச் சுரங்கங்களால் செழித்து, பொஹீமிய மன்னர்களுக்கு நாணயம் வார்த்துக் கொடுத்த நகரம். 1995இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. 2018இல் நான் அங்கு சென்றது, அந்நகரின் செட்லெட்ஸ் பகுதியிலுள்ள எலும்புச் சிற்றாலயத்தைக் காண்பதற்காக.

வெளியிலிருந்து நோக்கினால் சேமக்காலை ஒன்றின் நடுவே நிற்கும் சாதாரணமான ஆலயந்தான். படிகளில் இறங்கிக் கீழ்த்தளத்தை அடையும்போதே கால்கள் தயங்குகின்றன. சுவரெங்கும், கூரையெங்கும் மனித எலும்புகள். மூலைகளில் கூம்புகளாக அடுக்கப்பட்ட மண்டையோடுகள். நடுவில் எலும்புகளாலேயே ஆன பெரியதொரு சரவிளக்கு.

இதன் கதை ஒரு பிடி மண்ணில் தொடங்குகிறது. 1142இல் சிஸ்டேர்சியன் துறவியர் இங்கே மடம் அமைத்தனர். 1278இல் மன்னர் இரண்டாம் ஒட்டகாரின் தூதராகப் புனித பூமிக்குச் சென்ற மடாதிபதி ஹென்றி, கல்வாரியிலிருந்து மண் கொண்டுவந்து இச்சேமக்காலையில் தூவினார் என்பது மரபுவழிச் செய்தி. அதன்பின் இம்மண்ணில் அடக்கமாவதைப் பெரும் பேறாக மக்கள் கருதினர். 14ஆம் நூற்றாண்டின் பஞ்சமும் கொள்ளைநோயும், அடுத்த நூற்றாண்டில் 1419 முதல் 1434 வரை நீடித்த ஹுஸைற் போர்களும் பேறு தேடாதவர்களையும் இங்கே கொண்டுவந்து சேர்த்தன.

1400ஆம் ஆண்டளவில் இச்சிற்றாலயம் எழுந்தது. புதியவர்களுக்கு இடம்விடப் பழையவர்களின் எலும்புகள் தோண்டப்பட்டுக் கீழ்த்தளத்துக்குச் சென்றன. 1511இல் பார்வை குன்றிய துறவி ஒருவர் அவற்றை அடுக்கினார் என்பர். 1783இல் பேரரசர் இரண்டாம் ஜோசப் மடத்தை மூடிய பின்னர், அதன் உடைமைகள் ஷ்வார்ட்சன்பேர்க் பிரபுக் குடும்பத்தின் வசமாயின. 1870இல் அக்குடும்பத்துக்காக மரச்சிற்பி பிரான்டிசெக் ரின்ட் செய்த வேலையே இன்று நாம் காண்பது.

அவர் அக்குடும்பத்தின் குலச்சின்னத்தையும் எலும்புகளால் அமைத்தார். அதில் ஒரு காகம் துருக்கியன் ஒருவனின் தலையைக் கொத்துகிறது. 1598இல் ஹங்கேரியில் துருக்கியரிடமிருந்து ஜ்யோர் கோட்டையை மீட்ட வெற்றியின் நினைவாம். பஞ்சத்தில் மாண்ட ஓர் ஏழையின் எலும்பு, தான் அறியாத போரொன்றின் வெற்றியைப் பறைசாற்றிக்கொண்டு நிற்கிறது. அருகே சுவரில் ரின்ட் தமது பெயரையும் எலும்புகளாலேயே எழுதிவைத்துள்ளார். அத்தனை எலும்புகளுக்கு நடுவே நான் கண்ட பெயர்கள் சிற்பியினதும் பிரபுவினதும் மட்டுமே.

இங்கிருப்போர் சுமார் 40,000 பேர் என்கின்றனர் சிலர்; 70,000 வரை என்கின்றனர் வேறு சிலர். இரண்டு மதிப்பீடுகளுக்கும் இடையில் 30,000 பேர் காணாமற்போகின்றனர். இன்றைய குத்னா ஹோராவின் மொத்தச் சனத்தொகையே அவ்வளவு இல்லை.

பத்திரிகைப் பணியில் நான் அதிகம் எழுதிய சொற்களுள் 'சுமார்' என்பதும் ஒன்று. அச்சுக்குப் போகும் அவசரத்தில், உறுதியற்ற ஒவ்வொரு மரண எண்ணிக்கைக்கும் முன்னால் அதனை இட்டுத் தப்பித்துக்கொண்டேன். அச்சொல் எத்தனை பேரை விழுங்கவல்லது என்பதை அன்று அக்கீழ்த்தளத்தில் நின்றபோதே உணர்ந்தேன்.

அன்று பலர் மண்டையோடுகளின் அருகே சிரித்தபடி படம்பிடித்துக்கொண்டிருந்தனர். 2020 முதல் முன்னனுமதியின்றிப் படம்பிடிப்பது தடைசெய்யப்பட்டுள்ளது. 2014இல் தொடங்கிய புனரமைப்பின்போது ஆலயத்தைச் சுற்றி மனிதப் புதைகுழிகளும் வெளிப்பட்டன. எலும்புகளைத் தூசி துடைத்து மீண்டும் அடுக்கிவிடலாம். பெயர்களை அவ்வாறு மீட்க வழியில்லை. பெயர் எழுத வேண்டிய காலம், பெயரைச் சொல்ல ஒருவராவது உயிரோடிருக்கும் காலந்தான்.