மெட்டடார் எஞ்சின் பூட்டிய அம்பாசடர்

முத்துப்பேட்டையிலிருந்து திருத்துறைப்பூண்டி செல்லும் சாலையில் அம்பாசடர் கார் வருவதைக் கண்ணால் காண்பதற்கு முன்பே காதால் அறிந்துகொண்ட காலம் ஒன்று இருந்தது. பார்வைக்கு அது கார், ஓசைக்கு வேன். திண்ணையில் இருப்பவர்கள் தலையைத் திருப்பாமலே "மெட்டடார் எஞ்சின்" என்பார்கள். கல்யாணத்துக்கும் பிரசவத்துக்கும் ஜாம்புவானோடை தர்காவுக்கும் ஊரைச் சுமந்து திரிந்தவை அந்தக் கார்கள்தாம். மோட்டார் வாகன வரலாறு என்று அச்சில் வருபவற்றில் அவற்றுக்கு இடமில்லை. அவ்வரலாறுகள் தொழிற்சாலை வாயிலோடு நின்றுவிடுகின்றன.

அம்பாசடரின் பிறப்பைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரின் வார்ப்பு அது. 1950களின் இறுதியில் வங்காளத்தின் உத்தர்பாராவில் உருவாகி, 2014 மே மாதம் அங்கேயே உற்பத்தி நின்றது. நெடுங்காலம் அதனை இழுத்தது 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சின். 1973இல் உலக எண்ணெய் நெருக்கடி வந்தபோது வாடகைக் கார் வைத்திருந்தவர்களின் பிழைப்பு ஆட்டம் கண்டது. டீசல் மலிவு, கார் பெட்ரோலில் ஓடுவது. 1980ஐ ஒட்டி நிறுவனமே டீசல் அம்பாசடரை வெளியிட்டது. ஆனால் அந்த எஞ்சின் நாற்பது குதிரைத்திறனையும் எட்டவில்லை. கல்யாணக் கூட்டத்தை அடைத்துக்கொண்டு ஓட வேண்டிய வண்டிக்கு அது போதுமா?

விடை வேறொரு வண்டிக்குள் இருந்தது. பூனாவின் பஜாஜ் டெம்போ நிறுவனம் ஜெர்மனியின் டெய்ம்லர்-பென்ஸ் உரிமத்தோடு தயாரித்த டீசல் எஞ்சின் அதன் மெட்டடார் வேன்களில் வந்துகொண்டிருந்தது. ஏறத்தாழ 2.4 லிட்டர் கொள்ளளவு. மெர்சிடிஸ் கார்களுக்கென உருவானது. வேன் துருப்பிடித்துக் கழிவுக்குப் போன பிறகும் எஞ்சின் உயிரோடிருக்கும். கழிவுச் சந்தையில் அதை வாங்கி அம்பாசடரில் பூட்டும் தொழில் தமிழகத்திலும் கேரளத்திலும் பரவியது இப்படித்தான்.

இது புதிய வழக்கமன்று. இரண்டாம் உலகப் போரில் பர்மா ஜப்பானியர் வசமாகி எண்ணெய் தட்டுப்பட்டபோது, பேருந்துகளின் பின்புறம் கரி அடுப்பைக் கட்டி, அதிலெழும் வாயுவைப் பெட்ரோல் எஞ்சினுக்கு ஊட்டினார்கள். 'கரி பஸ்' மேடு ஏறாமல் நின்றதும் பயணிகள் இறங்கித் தள்ளியதும் தஞ்சைப் பக்கத்து முதியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். போருக்குப் பின், 1840இல் குதிரை வண்டி கட்டத் தொடங்கிய சென்னை சிம்ப்சன் நிறுவனம் இங்கிலாந்தின் பெர்கின்ஸ் கூட்டுறவோடு டீசல் எஞ்சின் தயாரிப்பில் இறங்கியது. பெர்கின்ஸின் ஆறு உருளை எஞ்சின் பழைய பெட்ரோல் லாரிகள் பலவற்றுக்கு மறுவாழ்வு அளித்தது. அம்பாசடர்க்காரர்கள் செய்தது இந்த மரபின் தொடர்ச்சி.

எஞ்சினைத் தூக்கி வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் பட்டறைப் பக்கம் போனதில்லை. மெட்டடார் முன்சக்கரங்களால் இழுக்கப்படும் வண்டி. அம்பாசடரைத் தள்ளுவது பின்சக்கரங்கள். ஆகவே வேனின் கியர் பாக்ஸ் காருக்கு உதவாது. வேனின் எஞ்சினையும் காரின் கியர் பாக்ஸையும் இணைக்கவேண்டும். இரண்டின் போல்ட் துளைகளும் ஒன்றோடொன்று பொருந்தா. தடித்த இரும்புத் தகட்டை லேத்தில் கடைந்து, ஒரு பக்கம் எஞ்சினின் துளைகளையும் மறுபக்கம் கியர் பாக்ஸின் துளைகளையும் இட்டு, இடையில் வைத்து முடுக்குவார்கள். எஞ்சினின் கிராங்க் தண்டும் கியர் பாக்ஸின் தண்டும் ஒரே நேர்கோட்டில் நிற்கவேண்டும். மயிரிழை விலகினாலும் சில மாதங்களில் கிளட்சும் பேரிங்கும் தேய்ந்துபோகும். சம்ப் குறுக்குச் சட்டத்தில் இடித்தால் வெட்டி ஒட்டவேண்டும், ரேடியேட்டர் பெரிதாகவேண்டும். எடை கூடி முன்புறம் தாழ்ந்துபோவதால் டார்ஷன் பார்களை முறுக்கி நிமிர்த்தவேண்டும். டீசல் எஞ்சினின் அதிர்வைத் தாங்க ரப்பர் மவுண்ட்டுகள் வேறு. இவ்வளவுக்கும் வரைபடம் கிடையாது. அட்டையை வெட்டி அளவு எடுப்பார்கள். அடுத்த வண்டிக்கு அந்த அட்டையே சுவடி.

இக்கைத்திறன் டெல்டாவுக்கு எங்கிருந்து வந்தது? 1960ஐ ஒட்டித் தஞ்சை மாவட்டத்தில் தீவிர வேளாண் திட்டம் தொடங்கியபின், மேல்மடையில் பில்டர் பாயிண்ட்டுகளும் ஆயில் எஞ்சின்களும் பெருகின. கடைமடையான முத்துப்பேட்டையில் நிலத்தடி நீர் உவர். இங்கே எஞ்சின் வயலைவிட அதிகமாக அலையாத்திக் காட்டின் கழிமுகத்திலும் கடலிலும் வள்ளங்களில் உழைத்தது. பம்பு செட்டையும் வள்ளத்தையும் பழுது பார்த்த கைகளுக்குக் கார் அந்நியமாக இருந்திருக்காது என்பது என் ஊகம். எஞ்சின் என்பது எதிலும் பூட்டத்தக்க தனிப்பொருள் என்ற எண்ணம், தொழிற்சாலைப் பொறியாளரைவிட இவர்களுக்கே இயல்பாக வாய்த்திருந்தது.

இப்போது சட்டத்துக்கு வருவோம். 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில், மாற்றத்தைப் பதிவு அலுவலரிடம் தெரிவிக்கும் வழி இருந்தது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52ஆம் பிரிவு பின்னர் இறுக்கப்பட்டது. உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறுபடும்படி வாகனத்தை மாற்றலாகாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாதுகாப்புக் கருதி அதனை நான் குறைகூறவில்லை. மோசமாக ஒட்டப்பட்ட வண்டிகளும் இருந்தன. என்னை உறுத்துவது 2021இல் வந்த பழங்கால வாகன விதி. ஐம்பது ஆண்டு கடந்த வண்டிக்கு மரபு வாகனம் என்ற தகுதி கிடைக்கும். ஆனால் சேசிஸிலோ உடற்கூட்டிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் நிகழ்ந்திருக்கக் கூடாது. செல்வர் வீட்டுக் கொட்டகையில் ஓடாமல் நின்ற கார் மரபுச் சின்னமாகிறது. எஞ்சின் மாற்றியதால் மட்டுமே நாற்பது ஆண்டு ஓடி ஒரு குடும்பத்துக்குச் சோறு போட்ட கார் தகுதி இழக்கிறது.

கும்பகோணம் கல்லூரியில் தமிழ் கற்பித்த உ.வே.சா. ஏடுகளைப் பதிப்பித்தபோது, தாம் கொள்ளாத பாடங்களையும் வீசிவிடாமல் அடிக்குறிப்பில் பாடபேதமாகத் தந்தார். ஏடு எந்தெந்தக் கைகள் வழியே வந்தது என்பதற்கு அவையே தடயம். கார்களைச் சேகரிப்போர் மூலபாடத்தை மட்டும் தேடுகிறார்கள். மெட்டடார் எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு, எங்கிருந்தோ பெட்ரோல் எஞ்சின் தேடிப் பூட்டி, வண்டியை 'மீட்டுவிட்டதாக'ச் சொல்கிறார்கள். பட்டறைக்காரர் கடைந்த தகடு அப்போது பழைய இரும்போடு எடைக்குப் போகிறது.

முத்துப்பேட்டையில் இப்படி ஓடிய கார் ஒன்றின் பழைய ஆர்.சி. புத்தகத்தைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. வண்டி எப்போதோ உடைக்கப்பட்டுவிட்டது. புத்தகம் மட்டும் மரப்பெட்டியில் தங்கியிருந்தது. எரிபொருள் என்ற இடத்தில் 'பெட்ரோல்' என்ற சொல் கோடிட்டு அடிக்கப்பட்டு, மேலே சிவப்பு மையில் 'டீசல்' என்று எழுதி, முத்திரை குத்தியிருந்தது. எஞ்சின் எண்ணும் அவ்வாறே. சேசிஸ் எண் மட்டும் அடிபடாமல் இருந்தது.